தலையைப் பிடித்திருந்த பகல்

தொப்பூர் கணவாயில் இறக்கம் முடிகிற இடத்துக்குச் சற்று மேலே என் பஞ்சர் கடை இருக்கிறது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு டயர் வேலைக்கு வந்தவன் நான். வேலையில் குறை ஒன்றுமில்லை. பேசுவதுதான் எனக்கு வராது. காற்று அடிக்க வருகிறவர்கள் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவேன். மேலும் கீழும் ஆட்டினால் சரி, பக்கவாட்டில் ஆட்டினால் இல்லை. பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா, "ஏம்பா, உனக்கு வாய் இருக்கறது டீ குடிக்கறதுக்கு மட்டுந்தானா?" என்பார். அதற்கும் தலையைத்தான் ஆட்டுவேன்.

பெங்களூர்ப் பக்கமிருந்து வரும் லாரிகளில் சிலர் டீசல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு இறங்குவார்கள். பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். முன்னால் போகிற வண்டியில் மோதித்தான் நிற்கும். முன்பெல்லாம் மோதிய சத்தம் கேட்டதும் கடைக்காரர்கள் எல்லோரும் ஓடுவோம். அக்குளில் கை கொடுத்து ஆளை வெளியே இழுத்துப் போடுவோம். யாராவது சோடா உடைத்துக் கொடுப்பார்கள். கிடைத்த வண்டியில் உட்காரவைத்து அனுப்புவோம். சீக்கிரம் அனுப்பினால் போதும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய நினைப்பும்.

இப்போது ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நிற்கிறது. ஓட்டுகிறவரைப் பைலட் என்கிறார்கள். கூடவே முதலுதவி செய்ய ஒரு டெக்னீசியன் வருவார். எங்கள் பக்கத்து வண்டிக்கு வந்தது பென்னாகரத்துப் பெண். எல்லோரும் நர்சம்மா என்று கூப்பிட, அவர் நர்ஸ் இல்லை என்று சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டார். வண்டிக்குக் காற்று பார்க்க என் கடைக்குத்தான் வருவார்கள். பைலட் இறங்கி அக்காவிடம் டீ வாங்குவார். அந்தப் பெண் வண்டிக்குள்ளேயே எதையாவது துடைத்து அடுக்கிக்கொண்டிருப்பார். அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றைக்கு நல்ல வெயில். வெங்காய மூட்டை ஏற்றி வந்த லாரி, முன்னால் நின்ற டேங்கரில் மோதியது. நாங்கள் ஓடிப்போனபோது மூட்டைகள் கிழிந்து ரோடெல்லாம் வெங்காயம் உருண்டு கிடந்தது. டிரைவர் இருக்கையிலேயே இருந்தார். டேஷ்போர்டு உள்ளே நசுங்கி இரண்டு கால்களையும் பிடித்திருந்தது. முழங்கையில் சிராய்ப்பு, நெற்றியில் சின்ன வெட்டு. பார்ப்பதற்குப் பெரிய காயமாகத் தெரியவில்லை. இருவர் கதவைத் திறந்து தோளைப் பிடித்து இழுக்கப் பார்த்தார்கள். கால் வரவில்லை. அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

அந்தப் பெண் இறங்கியதும் டிரைவரிடம் ஓடவில்லை. லாரியை ஒரு சுற்று பார்த்தார். சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னார். பேட்டரி ஒயரைக் கழற்ற முடியுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கழற்றினேன். பிறகுதான் உள்ளே ஏறினார். ஜன்னல் இரண்டு பக்கமும் ஆட்கள் எம்பி எம்பிப் பார்த்து, எந்த ஊருங்க, வலிக்குதுங்களா, தனியா வந்தீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைவர் பாவம், கேட்டவர் பக்கமெல்லாம் திரும்பினார். புரிந்ததோ இல்லையோ, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

அவர் விரல்களைத் தொட்டுப் பார்த்த பெண் திடீரென்று, "யாரும் அவருகிட்டப் பேசாதீங்க" என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் எல்லோரும் வாயை மூடினோம். டிரைவர் கன்னடத்தில், கை முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். பெண்ணுக்குப் புரியவில்லை. கூட்டத்தில் புரிந்தவன் நான் ஒருவன். ஏரியூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் கன்னடம்தான் பேசுவார்கள். எங்கள் வீடும் அப்படி. அக்காதான் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"நர்சம்மா, இவனுக்குக் கன்னடம் வரும். வாய்தான் வராது."

லாரி கேபினில் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் படுப்பதற்கு ஒரு பலகை இருக்கும். அந்தப் பெண் என்னை அதில் ஏறி உட்காரச் சொன்னார். பின்னாலிருந்து டிரைவரின் தலையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், முழங்கையை இருக்கையின் மேல் ஊன்றிக்கொள்ள வேண்டும். நான் பிடித்ததும் என் உள்ளங்கையைச் சற்று நகர்த்தி வைத்தார். காதை மூடக்கூடாது, அவருக்கு நாம் பேசுவது கேட்க வேண்டும் என்றார். பிறகு என் காதருகே குனிந்து சொன்னார்.

"அண்ணா, கழுத்துல எலும்பு ஒடஞ்சிருக்கலாம். உள்ள நரம்பு போகுது. தலை ஆடுச்சுன்னா கையும் காலும் வராமயே போயிரும். நான் சொல்ற வரைக்கும் கையை எடுக்காதீங்க."

என் கையில் ரப்பர் சொல்யூஷனும் கிரீசும் ஒட்டியிருந்தன. அதை யாரும் பார்க்கவில்லை. கழுத்துக்கு ஒரு பட்டை போட்டார். பட்டை போட்டாலும் பிடியை விடக்கூடாதாம். ஆக்சிஜன் வைத்தார். கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டினார். கிரேன் வர வேண்டும் என்று பைலட் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, கால் விரலில் தொடுவது தெரிகிறதா என்று டிரைவரிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். அவர் தெரிகிறது என்று தலையை ஆட்டப் பார்த்தார். என் கைக்குள் அந்த அசைவு வந்தது. அழுத்திப் பிடித்தேன். பெண்ணின் முகம் மாறியது. கேள்வி கேட்டால் தலையால் பதில் சொல்வது நம் ஊர்ப் பழக்கம் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

"தலெ அல்லாடிஸ்பேடி" என்றேன். தலையை ஆட்டாதீர்கள். "பாயல்லி ஹேளி." வாயால் சொல்லுங்கள்.

தெரிகிறது என்று வாயால் சொன்னார். அதன்பிறகு அந்தப் பெண் என்னிடம் ஒன்று சொன்னார். நான் கேட்கச் சொன்னால் மட்டும் கேளுங்கள், மற்ற நேரத்தில் கேள்வி கேட்காமல் ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள், உங்கள் குரல் நின்றால் அவர் சுற்றிப் பார்ப்பார் என்றார்.

கேள்வி கேட்காமல் என்ன பேசுவது? எனக்குத் தெரிந்தது டயர். அதைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். அது சீக்கிரம் தீர்ந்துவிட்டது. பிறகு எங்கள் பசுவைப் பற்றிச் சொன்னேன். சினையாக இருக்கிறது, முதல் ஈற்று, என் மனைவி தவிர யாரையும் கிட்டே விடாது, என்னைக் கண்டால் முட்ட வரும். மடி இறங்க ஆரம்பித்திருக்கிறது. கொட்டகைக்குத் தகரம் மாற்ற வேண்டும். ஜன்னலுக்கு வெளியே இத்தனை பேர் நிற்க, பசுவைப் பற்றி இவ்வளவு பேசினேன் என்று நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. உச்சந்தலையும் அதில் இரண்டு சுழிகளும்தான் என் கண்ணுக்கு முன்னால் இருந்தன.

இடையில் அவர் தண்ணீர் கேட்டார். அக்கா சோடா பாட்டிலோடு வந்தார். கொடுக்க வேண்டாம் என்றதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காத வைத்தியம் என்ன வைத்தியம் என்றார். "தலையைத் திருப்ப முடியாத நெலையில வாந்தி வந்தா மூச்சுக்குழல்ல போயிரும்க்கா" என்று அந்தப் பெண் சொன்னார். ஒரு பஞ்சை நனைத்து உதட்டை மட்டும் துடைத்தார். அக்கா சோடாவை எடுத்துக்கொண்டு போய் வெங்காயம் பொறுக்குகிறவர்களை விரட்ட ஆரம்பித்தார்.

கிரேன் வந்தது. ஸ்டியரிங்கில் சங்கிலி மாட்டி மெதுவாக முன்னால் இழுத்தார்கள். கேபின் முழுவதும் குலுங்கியது. நான் முழங்கையை இருக்கையில் அழுத்தி, பசுவைப் பற்றிச் சொன்னதையே திரும்பச் சொன்னேன். கால் விடுபட்டது. டிரைவர் கத்தினார். தலை என் கையிலேயே இருந்தது.

ஆம்புலன்ஸிலிருந்த நீளப் பலகையை இருக்கையோடு சேர்த்து வைத்தார்கள். உடம்பைக் கட்டை போல ஒரே சமயத்தில் திருப்பிப் பலகையில் படுக்க வைக்க வேண்டும். தலை முந்தினாலும் பிந்தினாலும் ஆபத்து. அதனால் தலையைப் பிடித்திருக்கிறவர்தான் எண்ண வேண்டும், மற்றவர்கள் அவர் சொல்லுக்குத்தான் நகர வேண்டும் என்றார் அந்தப் பெண். அவர் இடுப்பைப் பிடித்திருந்தார். பைலட் காலருகே இருந்தார். கிரேன்காரர்கள் இருவர் தோள் பக்கம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எண்ணினேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாண்ணா" என்றார் பைலட்.

தொண்டையைச் செருமிக்கொண்டு எண்ணினேன். "ஒந்து, எரடு, மூரு." அவ்வளவு நேரம் கன்னடம் பேசிய வாயில் கன்னடம்தான் வந்தது. யாரும் அதைக் கவனித்த மாதிரி இல்லை. மூன்றுக்கு எல்லோரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

அவரோடு தர்மபுரி வரை போனேன். தலைக்கு இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டிய பிறகு பிடிக்க வேண்டியதில்லை, பேசினால் போதும் என்றார். அந்தப் பெண் அடிக்கடி அவர் கால் விரலைத் தொட்டு அசைக்கச் சொன்னார். ஒருமுறை அசைந்தது. அடுத்த முறை அசைந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எல்லாவற்றையும் வேகமாக ஒப்பித்தார். எப்போது மோதியது, கால் எவ்வளவு நேரம் மாட்டியிருந்தது, கை மரத்தது, என்ன மருந்து போனது என்று. பிறகு டிரைவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். என் விரல்கள் பிடித்த நிலையிலேயே மடங்கி இருந்தன.

கை கால் வந்துவிடுமா என்று கேட்க நினைத்தேன். வண்டியில் திரும்பும்போது கேட்கலாம் என்றிருந்தேன். கேட்கவில்லை. சில வாரம் கழித்துக் காற்று பார்க்க வந்தபோது அந்தப் பெண்ணே சொன்னார். சொந்தக்காரர்கள் வந்து பெங்களூருக்குக் கூட்டிப்போய்விட்டார்களாம்.

"அதுக்கு மேல எங்களுக்குத் தெரியாதுண்ணா. ஆஸ்பத்திரி வாசலோட எங்க வேலை முடிஞ்சிரும். அடுத்த போன் வந்துரும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. போய்விட்டார்கள்.

எனக்குத்தான் அது மனசிலேயே கிடந்தது. டயரைக் கழற்றும்போது கிரேன் இழுத்த நேரம் நினைவுக்கு வரும். அப்போது தலை கொஞ்சம் ஆடியதோ என்று தோன்றும். யாரிடமும் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் காலையில் சின்ன லோடு வண்டி ஒன்று டீக்கடை முன்னால் நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி, இன்னொருவரைக் கைத்தாங்கலாக இறக்கினார். அவர் கையில் ஊன்றுகோல். கழுத்து அப்படியே நிமிர்ந்து இருந்தது. திரும்ப வேண்டுமென்றால் உடம்போடு திரும்பினார். அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா என் கடைப் பக்கம் கை காட்டினார். நான் கம்ப்ரசருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவர் மெதுவாக நடந்து வந்தார். வலது கால் சரியாக ஊன்றியது. இடது கால் கொஞ்சம் இழுத்தது. முகம் எனக்குப் புதிது. அன்றைக்கு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்துக்கொள்ளவே இல்லை. அடுக்கியிருந்த டயர் மேல் உட்கார்ந்தபோது அவர் உச்சந்தலையைப் பார்த்தேன். இரண்டு சுழி.

அவர் வணக்கம் சொல்லவில்லை. நன்றியும் சொல்லவில்லை. கன்னடத்தில், "ஹசு கரு ஹாக்தா?" என்றார். பசு கன்று போட்டதா?

நான் தலையை ஆட்டினேன்.

"பாயல்லி ஹேளி" என்றார்.

டீக்கடையிலிருந்து அக்கா என்ன சொல்றாருப்பா என்று கேட்டார். அவருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். கன்று பிறந்து நாளாகிவிட்டது, புல் கடிக்க ஆரம்பித்துவிட்டது, அதுவும் என்னைக் கண்டால் முட்ட வருகிறது என்று வாயால் சொன்னேன். பெண் கன்று என்றும் சொன்னேன்.