தையல் போட்ட பக்கம்

கிள்ளானுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி என் அண்ணன் கறவை மாடுகள் வைத்திருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்கு அங்கிருந்துதான் பால் போகும். நான் சுபாங் ஜெயாவில் வேலை முடிந்து வந்ததும் கொட்டகைக்குப் போய்விடுவேன்.

அண்மையில் கன்று ஈன்றிருந்த ஒரு கறுப்பு மாடு திடீரென்று தீனியைத் தொடவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு முனகியபடி நின்றது. மாட்டு டாக்டர் வந்தார்; என்னைவிட இளைய பெண். புல்லோடு எதையோ விழுங்கியிருக்கிறது என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, நின்ற நிலையிலேயே இடப்பக்கம் வயிற்றைத் திறந்தார். தோள் வரை கையை விட்டுத் துழாவி, துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது.

தையல் போட்டதும் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாளே தையலைச் சுற்றி வீங்கிவிட்டது. தொட்டால் கொதித்தது. வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. மாடு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருந்தது.

டாக்டர் மறுபடியும் வந்தார்.

"உள்ள வயித்துச் சவ்வுல இன்ஃபெக்‌ஷன் அக்கா. ரொம்ப வலிக்கும். வீக்கத்துக்கு ஒரு ஊசி, இன்ஃபெக்‌ஷனுக்கு ஒரு ஊசி, விடாம போடணும். மருந்து ஒடம்புல இருக்கிற வரைக்கும் பாலக் கறந்து கொட்டிருங்க. கன்னுக்கும் குடுக்காதீங்க."

"கொட்டுறதுக்கா நான் தீனி போட்டு வளக்குறேன்?" என்றார் அண்ணன்.

"இறைச்சிக்கும் குடுக்க முடியாது அங்கிள். மருந்து போகணும்."

டாக்டரின் கார் வெளியேறியதும் அண்ணன் கொட்டகைக்குள் போனார். மாடு படுத்திருந்தது. பூட்ஸ் காலால் அதன் வீங்கிய பக்கத்தில் ஓங்கி மிதித்தார்.

"எழும்பு லா! படுத்தே கெடந்தா எவன் பாப்பான்?"

மாடு கத்தவில்லை. உடம்பு முழுவதும் நடுங்க, முன்னங்காலை ஊன்றி எழுந்தது. தையலுக்கிடையே சீழும் இரத்தமும் வழிந்தன.

"அண்ணே, அந்தப் பக்கம் மிதிக்காதீங்க."

"அந்தப் பக்கம் மிதிச்சாதான் எழும்புது."

டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி நானே கழுத்தில் ஊசி போட்டேன். வேலைக்குப் போகும் முன்னும் வந்த பிறகும் புண்ணைக் கழுவினேன். முதலில் சூடு தணிந்தது, பிறகு வீக்கம் வடிந்தது. ஒரு காலை, அது அசை போடுவதைப் பார்த்து டாக்டருக்கு வீடியோ அனுப்பினேன். தையல் பிரித்த இடத்தில் மயிர்கூட முளைத்தது. ஆனால் அண்ணனின் பூட்ஸ் சத்தம் கேட்டால் அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

பால் மட்டும் பழையபடி ஊறவில்லை. குடல் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கலாம், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார் டாக்டர். அண்ணன் பொறுத்தார். மருந்து உடம்பைவிட்டுப் போகும்வரை பொறுத்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லோரி வந்தது. அறுக்க வாங்குகிறவருடைய லோரி. கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள், வாலை முறுக்கினார்கள். மாடு நகரவில்லை.

"தங்கச்சி, நீ கூப்பிடு. ஒன் பேச்சுக் கேக்கும்."

"நான் மாட்டேன். நல்லாயிருச்சு அண்ணே, விட்ருங்க."

அண்ணன் கன்றைத் தூக்கிக்கொண்டு போய் லோரிக்குள் நிறுத்தினார். கன்று அம்மா என்று கத்தியது. மாடு என்னைத் தாண்டி, சாய்த்திருந்த பலகைமேல் தானாகவே ஏறிப் போனது. வலித்திருக்கும், நடுவில் ஒருமுறை நின்று முனகிவிட்டுத்தான் ஏறியது. கன்றின் முகத்தை நக்கத் தொடங்கியதும் அதன் கழுத்தைக் கம்பியில் கட்டினார்கள். அண்ணன் கன்றைத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டு, கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

"அவ்வளவுதான். இதுக்குப் போய் இவ்வளவு நேரமா?" என்றார் லோரிக்காரரிடம். இருவரும் சிரித்தார்கள்.

லோரி தார்ச்சாலைக்குத் திரும்பும்வரை உள்ளேயிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. கன்று அதன் பின்னால் ஓடப் பார்த்தது. அண்ணன் அதை முழங்காலுக்கு இடையில் இறுக்கிப் பிடித்து, வாய்க்குள் இரண்டு விரலை வைத்தார். கொஞ்ச நேரம் திமிறியது. பிறகு சப்பத் தொடங்கியது.