துருத்தண்ணிக் கறுப்பு

என் மச்சானின் கால் பெருவிரல் கறுத்ததற்கு நான் பூசிய சாயம்தான் காரணம் என்று ஐந்து நாள் முழுமனதாக நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மற்றவர்களையும் நம்பவைத்தேன். அதில் எனக்குத் தனித் திறமை உண்டு. என் பிழைப்பே அதுதான்.

தச்சு வேலைக் குடும்பம். காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற கடைகளுக்கு நாற்காலி, பெட்டி பழுது பார்க்கிறேன். வலையபட்டிப் பக்கத்துப் பெரிய வீடுகளிலிருந்து வரும் டிரங்குப் பெட்டிகளில் கைப்பிடித் தோலை எலி தின்றிருக்கும். புதுத் தோல் போட்டால் பெட்டிக்குப் பொய்ப்பல் கட்டினதுபோல இளிக்கும். அதனால் புதுத் தோலுக்கு வயசு ஏற்ற வேண்டும். கடைச் சாயம் பளபளவென்று காட்டிக்கொடுத்துவிடும். நான் அடுப்படியில் கிடைப்பதை வைத்தே ஒப்பேற்றுவேன். டீ டிகாஷன் பூசினால் நாற்பது வயசு. மாதுளம் தோலைக் காய்ச்சிப் பூசினால் அறுபது. ஒருமுறை வெற்றிலை பாக்கு மென்ற எச்சிலைக்கூட ஒரு நாற்காலித் தோலில் பூசிப் பார்த்தேன். அந்த நாற்காலியை வாங்கிய வெள்ளைக்காரர் தோலைத் தடவித் தடவி ரசித்தபோது, அங்கே நிற்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

கறுப்புக்குத் துருத்தண்ணி. பழைய கதவுகளில் பிடுங்கிய ஆணிகளை மண்பானையில் போட்டு, நீராகாரம் ஊற்றி, கருப்பட்டி ஒரு துண்டு போட்டு, மூன்று வாரம் மூடி வைக்க வேண்டும். திறந்தால் தெரு முழுக்க நாறும். தோலுக்கு முதலில் கடுக்காய்த் தண்ணி, அது காய்ந்ததும் துருத்தண்ணி. பழுப்பாக இருந்த தோல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துப்போகும்.

மச்சான், என் அக்கா வீட்டுக்காரர். புதுவயலில் ஒரு ரைஸ் மில்லுக்கு லாரி ஓட்டினார். இருபது வருஷ டிரைவர், பத்து வருஷச் சர்க்கரை. ஒருநாள் மில்லிலிருந்து ஒற்றைக் காலில் ரப்பர் செருப்போடு வந்து நின்றார். இன்னொன்று எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை.

"என்ன மச்சான், ஒத்தச் செருப்போட எந்தக் கோயிலுக்கு நேத்திக்கடன்?"

"கழண்டதே தெரியல மாப்ள. ஒங்கக்கா சொல்லித்தான் குனிஞ்சு பாக்குறேன்."

வீடே சிரித்தது. இதை நான் டீக்கடையில் நொண்டி நடித்துக் காட்டி, நாலு பேரைச் சிரிக்க வைத்தேன். காலில் கிடந்த செருப்பு கழன்றது ஒரு மனுஷனுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

இனி கழலாதபடி ஒரு ஜோடி தைத்துத் தருகிறேன் என்றேன். பெருவிரலுக்கு வளையம், குதிகாலைப் பிடிக்க ஒரு வார். பெட்டிக்கு வாங்கியதில் மிஞ்சிய நல்ல தோல். துருத்தண்ணி பூசி, கன்னங்கரேலென்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"சாயம் ஒட்டாதே மாப்ள?"

"நூறு வருஷம் நிக்கும் மச்சான்."

"அம்புட்டு நாள் நான் நிக்கணுமேடா."

பத்து நாள் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை காலையில் அக்கா போன் பண்ணிக் கூப்பிட்டாள். போனேன்.

"இங்குட்டு வந்து ஒன் மச்சான் காலப் பாருடா."

இரண்டு பெருவிரலும் கறுத்திருந்தன. இடது லேசாக, வலது நன்றாக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சாயம்க்கா. வேர்வைக்கு விடுது. ரெண்டு குளியல்ல போயிரும்."

"எதுக்கும் டாக்டர்ட்ட ஒரு எட்டு காமிச்சிருவமா?"

"காமி. எனக்கும் இதே மாதிரி ஒரு ஜோடி வேணும்பாரு அந்தாளு."

அதிகமாகச் சிரித்தது மச்சான்தான். வலிக்கிறதா என்று கேட்டேன். துளி வலி இல்லை என்றார். "பாத்தியா?" என்று அக்காவிடம் ஜெயித்த முகத்தைக் காட்டினேன். அன்றைக்கே அவர் திருநெல்வேலிக்கு அரிசி லோடு ஏற்றிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை திரும்பி வந்தார். இடது விரல் வெளுத்திருந்தது. வலது அப்படியே இருந்தது. துருக்கறைக்கு எலுமிச்சம்பழம்தான் மருந்து. என் விரல்களில் அதைத் தேய்த்துத்தான் தினமும் சோற்றில் கை வைப்பேன். அரை மூடியை வைத்து மச்சான் விரலைத் தேய்த்தேன். கறை அசையவில்லை. உடனே தச்சன் மூளை வேலை செய்தது. வலது செருப்புத் தோல் கொஞ்சம் திட்டுத்திட்டாக இருந்ததால் அதற்கு ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுத்திருந்தேன். அதை அக்காவுக்கு விளக்கமாகச் சொன்னேன். அக்கா தலையாட்டினாள். செருப்பு நாறுகிறது என்றாள். துருத்தண்ணி அப்படித்தான் நாறும் என்று அதற்கும் விளக்கம் கொடுத்தேன்.

வீடு வந்து சேர்வதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. துரு விரல் வழியாக உள்ளே இறங்கி ரத்தத்தில் ஏறிவிட்டது என்று முடிவு கட்டினேன். விஷம். வைத்தது நான். ஆணிகளை எடுத்துக் கொல்லையில் புதைத்தேன். போலீஸ் கேட்டால் என்ன சொல்வது என்று ரம்பத்தைப் பார்த்துப் பேசிப் பழகினேன். ரம்பம் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அதை யோசனை என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. மீதித் துருத்தண்ணியில் ஒரு பாட்டில் எடுத்து வைத்துவிட்டு, மற்றதைப் பிளாஸ்டிக் பேசினில் ஊற்றினேன். என் வலது காலில் கடுக்காய்த் தண்ணி பூசிக் காயவிட்டு, காலைப் பேசினுக்குள் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். விஷம் என்றால் எனக்கும் ஏறட்டும். என் மனைவி துணி காயப்போட வந்தவள் நின்று பார்த்தாள்.

"என்ன, பெட்டிய விட்டுட்டு ஒங்களுக்கே வயசு ஏத்துறீகளா?"

கணுக்கால் வரைக்கும் கரியாகிவிட்டது. கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். நாடியைப் பிடித்து எண்ணினேன், பாதியில் எண்ணிக்கை விட்டுப்போனது. பீரோ சாவி இருக்கும் இடத்தை மனைவியிடம் தழுதழுத்த குரலில் சொன்னேன். அதை அவள்தான் அங்கே வைத்ததாம்.

திங்கட்கிழமை விடிந்ததும் எலுமிச்சம்பழத்தை அறுத்து என் காலில் தேய்த்தேன். கறுப்பு கரைந்து வழிந்தது. அடியில் என் பழைய கால் அப்படியே இருந்தது. விஷமில்லை. அரை நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் காலில் தேய்த்தால் போகிற சாயம் மச்சான் காலில் தேய்த்தால் ஏன் போகவில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

பாட்டிலைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு வண்டியில் போனேன். மச்சான் கட்டிலில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். செருப்பு வாசலில் கிடந்தது. நாற்றம் கட்டிலில் இருந்தது. ஐந்து நாளில் முதல்முறையாக அந்த விரலுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன்.

"கெளம்புங்க மச்சான். ஆஸ்பத்திரிக்கு."

"நீதானடா சாயம்ன?"

எனக்குப் பதில் வரவில்லை. பதில் வராமல் நான் நின்று அக்கா பார்த்ததில்லை. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டரிடம் முதலில் பேசியது நான்தான். ஆணி, நீராகாரம், கருப்பட்டி, கடுக்காய் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு பாட்டிலை மேஜையில் வைத்தேன். அவர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு மச்சானின் விரலைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். நாங்கள் யாருமே தூக்கிப் பார்க்காத பக்கம்.

"வண்டிய வெறுங்காலோட ஓட்டுவீகளோ?"

"ஆமா சார். செருப்புப் போட்டா ஆக்சிலேட்டர் பிடிபடாது."

"எஞ்சின் சூட்டுல காலடித் தகடு கொதிச்சிருக்கு. சுட்ட புண்ணு இது. சர்க்கரையால ஒங்க கால்ல உணர்ச்சி இல்லாததுனால தெரியல. செருப்பு, சாயம் எதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

எனக்கு மூச்சு வந்தது. அந்த இடத்தில் எனக்கு மூச்சு வந்ததைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மச்சானை உள்ளே கொண்டுபோன பிறகு டாக்டர் பின்னாலேயே போய், "வியாழக்கிழமையே கூட்டி வந்திருந்தா?" என்று கேட்டேன். அவர் நடந்துகொண்டே சொன்னார்: "ஒரு விரலோட போயிருக்கும்."

வலது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். மச்சான் அதற்குப் பிறகு லாரி ஓட்டவில்லை.