சோலார் பாடத்துக்கு நான் போட்ட பத்துக்குப் பத்து

செல்போனில் பாடம் நடத்தும் வேலையில் நாம் தயாராக இருந்தால் மட்டும் போதாது. பிள்ளைகள் வீட்டிலும் ஒரு போன் சும்மா கிடக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி இன்னும் திறக்காததால், சனிக்கிழமைதோறும் பத்தாம் வகுப்புக்கு வாட்ஸ்அப்பில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பாடம் அனுப்பிவிட்டு, எல்லோரும் பார்த்ததற்கான நீல டிக்குக்காகக் காத்திருக்கும் சக ஆசிரியர்களுக்கு இது புரியும்.

வாசலில் ஒரு பெட்டி

வேலம்பாளையத்துத் தனலட்சுமி கெட்டிக்காரி. ஆனால் மூன்று வாரமாக ஒரு வீடியோவும் பார்க்கவில்லை. வீட்டில் இருப்பது அம்மாவின் போன் ஒன்றுதான். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. உள்ளே நுழையும்போதே போனை வாசல் பெட்டியில் போட்டுவிட வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் கையில் கிடைக்கும். அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"போனு பெட்டிக்குள்ள இருக்குதுங்க டீச்சர், நா கம்பெனிக்குள்ள இருக்கறனுங்க. புள்ளதான் ஊட்டுல சும்மா இருக்குது."

காற்றாலைப் பாடம்

அந்தச் 'சும்மா' எனக்குப் பயத்தைக் கிளப்பியது. எங்கள் ஊரில் சும்மா இருக்கும் பிள்ளையைக் கம்பெனிகள் விட்டுவைப்பதில்லை. பரீட்சை வரைக்குமாவது படிக்க விடுங்கள் என்று கெஞ்சினேன். அடுத்த சனிக்கிழமை போனை மகளிடம் கொடுத்துவிட்டு அந்த அம்மா வேலைக்குப் போனார்.

அன்றைக்கென்று பராமரிப்புப் பணி, நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. காற்றிலிருந்து மின்சாரம் எப்படி வருகிறது என்று நேரலையில் நான் ஆரம்பித்த பத்தாவது நிமிடம் தனலட்சுமியின் போன் அணைந்தது. திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிப் புலம்பினேன். கணக்கு வாத்தியார் நோட்டுத் திருத்துவதை நிறுத்தாமலே சொன்னார்:

"பல்லடம் பக்கம் காத்தாலையெல்லாம் சுத்திக்கிட்டுத்தான் இருக்குதுங்க. அந்தப் புள்ள போனுக்குத்தான் வந்து சேரலீங்க."

வீட்டுப்பாடம்

பக்கத்தில் உள்ள சோலார் பேனலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். பலரும் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினார்கள். மூன்று வாரம் கழித்து, ஒரு மதியம் தனலட்சுமியின் படம் வந்தது. ஏதோ ஓர் உயரமான மாடியில், மிக அருகில் நின்று எடுத்தது. பேனல் சாய்ந்திருக்கும் கோணம், ஒயர் இறங்கும் இடம், எல்லாம் தெளிவு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்துக்குப் பத்து போட்டேன். 'இவளைப் பார்த்து எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள்' என்று குழுவிலும் எழுதினேன். பிறகுதான், அவ்வளவு உயரத்தில் எப்படி ஏறினாய் என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அம்மா கூட நானும் செக்கிங்ல சேந்துட்டனுங்க டீச்சர். சாப்பாட்டு நேரத்துல கம்பெனி மாடியில ஏறி எடுத்தனுங்க."

குழுவில் எழுதியதை அழிக்க ஓடினேன். இத்தனை வாரமாக எந்தப் பாடத்துக்கும் விழாத நீல டிக், அந்த ஒரு வரிக்கு மட்டும் விழுந்திருந்தது.