அப்பா செஞ்ச பூட்டு உடையல

இரும்புத்தூள் வாசனைதான் எங்க வீட்டு வாசனை. திண்டுக்கல் நாகல்நகர்ல வீட்டோட முன்பக்கம்தான் அப்பாவோட பூட்டுப் பட்டறை. காலையில காபிக்கு முன்னாடியே அரம் போடுற சத்தம் ஆரம்பிச்சிடும்... கர்ர்... கர்ர்...

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிட்டு சும்மா இருந்தேன். சும்மான்னா, சாவியை அரத்தால ராவுறதும் அக்காவுக்கு லெட்டர் எழுதுறதும் என் டிபார்ட்மென்ட்.

அக்கா அப்ப மகாராஷ்டிராவுல, கொய்னா அணைக்கட்டுப் பக்கம். அத்தானுக்கு அங்க பவர் ஹவுஸ்ல எலக்ட்ரீஷியன் வேலை. கல்யாணமாகி ஏழே மாசம். ஒரே கதவு உள்ள சின்ன குவார்ட்டர்ஸ், பாஷை தெரியாத ஊர். அத்தான் நைட் ஷிப்ட் போனா தனியா இருக்க பயமா இருக்குன்னு எழுதியிருந்தா.

அப்பா நாலு நாள் உக்காந்து ஒரு பூட்டு செஞ்சார். முழுக்க இரும்பு, கையில எடுத்தா மணிக்கட்டு இறங்கும். மாட்டுறதுக்கு நாதாங்கியும் அவரே அடிச்சு, பார்சல்ல அனுப்பினோம். கூட லெட்டர்.

"மாப்ள ஷிப்டுக்குப் போறப்ப வெளிய பூட்டிட்டுப் போகச் சொல்லு தாயி. எவன் வந்தாலும் ஒடைக்க முடியாதுன்னு எழுது."

அப்பா சொன்னார். நான்தான் எழுதினேன்.

அறுபத்தேழு டிசம்பர். பக்கத்துக் கடை டெய்லர் மத்தியானம் மூச்சு வாங்க ஓடி வந்தார். "அண்ணே, மூத்த பாப்பா இருக்கறது கொய்னாதான? அங்க பூகம்பமாம்ணே. ரேடியோவுல சொல்றான். விடியறதுக்கு முன்னாடியே வீடெல்லாம் விழுந்துருச்சாம்..."

அம்மா அழல. என்னைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "ஏண்டி, மாப்ளைக்கு இந்த வாரம் எந்த ஷிப்டு?"

கடைசி லெட்டரை எடுத்துப் பார்த்தேன். இந்த வாரம் பூரா நைட்.

அப்பதான் மூணு பேருக்கும் ஒரே சமயத்துல உறைச்சது. அக்கா உள்ள... சாவி அத்தான்கிட்ட... கதவுல எங்க பூட்டு.

அப்பா பட்டறைக்குள்ள போனார். அதே அளவுல செஞ்ச இன்னொரு பூட்டு அங்க இருந்தது. அதைத் தெருவுக்குக் கொண்டு வந்து, பட்டறைக் கல் மேல வச்சு, சம்மட்டியால ஓங்கி அடிச்சார். அங்க யாராவது வெளியருந்து அடிச்சா உடையுமான்னு பார்க்கத்தான்.

உடையல.

மறுபடி அடிச்சார். தெருவே கூடிருச்சு. "எவனாலயும் முடியாது"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச மனுஷன், "ஒடைஞ்சு தொலையேன்... ஒடைஞ்சு தொலையேன்"னு அழுதுக்கிட்டே அடிக்கிறார். நானும் வாங்கி அடிச்சேன். உள்ளங்கை எரிஞ்சதுதான் மிச்சம். பூட்டு நசுங்கினதே தவிர, வாயைத் திறக்கல.

"இம்புட்டு கெட்டியா எதுக்குங்க செஞ்சீக..." அம்மா அப்படியே தெருவுல உக்காந்துட்டாங்க.

தந்தி கொடுத்தோம். பதில் இல்ல. அங்க லைனே இல்லைன்னு போஸ்ட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஆறு நாள் பட்டறையில அரம் சத்தம் இல்ல. தெருவுல சைக்கிள் மணி அடிச்சா வாசலுக்கு ஓடுவேன். தந்திக்காரர் வந்துடக் கூடாதேன்னு இருக்கும்... வராட்டியும் பயமா இருக்கும். நான் அந்த லெட்டரை எழுதாம இருந்திருக்கலாமேன்னு நினைச்சு நினைச்சே சோறு இறங்கல.

ஏழாவது நாள் லெட்டர் வந்தது. அக்கா கையெழுத்து! அம்மா கவரைத்தான் முதல்ல கும்பிட்டாங்க.

அத்தானும் பிழைச்சுட்டார். முதல் ஆட்டத்துலயே கூரை பாதி இறங்கிருச்சாம். அக்கா உள்ளருந்து கதவைத் தட்டியிருக்கா. பக்கத்து வீட்டு மராத்தி அம்மா ஓடி வந்து, கல்லெடுத்து வெளிய பூட்டை அடிச்சிருக்காங்க. இருட்டுல அடி தவறி ரெண்டு விரல் நசுங்கிருச்சு. அப்பவும் விடாம அடிச்சாங்களாம். மறுபடி ஒரு ஆட்டம் வந்தப்ப அடுப்படிச் சுவர் வெளிப்பக்கமா விழுந்து, அந்த வழியாத்தான் அக்கா தவழ்ந்து வந்திருக்கா.

"கதவு மட்டும் அப்படியே நிக்கிதுப்பா, பூட்டோட"ன்னு எழுதியிருந்தா.

அப்பா லெட்டரை மடிச்சு என் கையில கொடுத்தார். அப்புறம், "அந்தம்மா கை எப்படி இருக்குன்னு கேட்டு எழுது தாயி"ன்னார். அதுக்கப்புறம் அக்காவுக்கு எழுதின ஒவ்வொரு லெட்டர்லயும் முதல் வரி அதுதான். பூட்டு வாங்க வர்றவங்ககிட்டயும், "உள்ள ஆள வச்சு வெளிய பூட்டிப்புடாதீக"ன்னு சொல்லாம கொடுக்க மாட்டார். இது என்ன புதுப் பழக்கம்னு சிலபேர் சிரிப்பாங்க.

இப்ப எங்கயாவது நிலம் ஆடினா அடுத்த நிமிஷம் போன்ல "நான் சேஃப்"னு வந்துடுது. ஆறு நாள் காத்திருக்கிறதுன்னா என்னன்னு என் பேத்திக்குச் சொன்னாப் புரியாது. புரியவும் வேண்டாம்.

போன மாசம் மகன் புது ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். விரல் வச்சா திறக்கிற பூட்டு. "யாராலயும் உடைக்க முடியாதும்மா"ன்னு பெருமையாச் சொன்னான். அப்பா குரல் அப்படியே...

அவனை வெளிய நிறுத்தி, கதவைச் சாத்தச் சொல்லி, நான் உள்ளருந்து திறந்து பார்த்தேன். மூணு தடவை. அதுக்கப்புறம்தான் பால் காய்ச்ச விட்டேன்.