பாவு விரித்த தெருவில் ஒரு வேட்பாளர்

சின்ன காஞ்சிபுரத்தின் இந்தத் தெருவுக்குள் காலையில் வண்டி நுழைய முடியாது. நெசவுக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு விரித்து, இரண்டு முனையிலும் ஆட்கள் கோலில் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். பாவு என்கிறார்கள். எதிர்ச்சாரியில் காபிக்கடை. போக வழியில்லாமல் நிற்கிறேன்.

பெரிய கட்சியின் பிரசார வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கிறது. பாவைச் சுருட்ட யாரும் தயாராக இல்லை. ஒலிபெருக்கியில் இரண்டு வணக்கம் சொல்லிவிட்டு வேன் ரிவர்ஸ் எடுக்கிறது. இந்த இரைச்சலே ஆகாத எனக்கு ஏக சந்தோஷம்.

பின்னாலேயே ரேவதி நடந்து வருகிறார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், சுயேச்சை வேட்பாளர். கையில் அவருடைய சின்னமான பிளாஸ்டிக் வாளி. கோலைப் பிடித்திருந்த ஒருவருக்கு அந்த நேரம் பார்த்து போன் வருகிறது. ரேவதி வாளியைக் கீழே வைத்துவிட்டு, கோலை வாங்கிப் பிடித்துக்கொள்கிறார்.

அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கும் நெசவாளர் ஏழுமலையிடம் கேட்கிறேன். "இவங்க ஜெயிப்பாங்களா?"

"டெபாசிட்டே தேறாது சார். அந்தம்மாவுக்கே தெரியும். ஆனா எங்க வூட்டு ஓட்டு அதுக்குத்தான்." பிறகு உரக்கக் கத்துகிறார்: "யம்மா, ஓட்டு கேக்க வந்துட்டு சும்மா நின்னுக்கினு இருக்கியே! கும்புட்டுக் கேளும்மா!"

"கையை எடுத்தா உன் பாவு போச்சுண்ணா! எப்படிக் கும்புடறது?"

தெருவே சிரிக்கிறது. ஏழுமலை இழையை விட்டு நிமிர்கிறார்.

"நீ புடிச்சிக்கோ. நாங்க கும்புடறோம்."

தலைக்கு மேல் கை கூப்புகிறார். வாசல்களில் நிற்கும் பெண்களும் கூப்புகிறார்கள். இந்த ஊரில் ஓட்டே இல்லாத நானும்.