சித்தி சொல்லாத பெயர்

"உங்க சித்திக்கு எதிரிங்க யாராவது இருக்காங்களாம்மா?"

மருத்துவமனையில் போலீஸ்காரர் இப்படிக் கேட்டார். யாரைச் சொல்வது, யாரை விடுவது?

என் வயதைவிட அதிக காலமாகச் சித்தி ஒரே பத்திரிகையில் பங்குச் சந்தையையும் கணினி நிறுவனங்களையும் பற்றி எழுதி வந்தார். அவர் எழுதினால் சில பங்குகள் சரியும். சரிந்தால் யாராவது கை ஓங்குவார்கள். ஒருமுறை ஸ்கூட்டரோடு எட்டி உதைத்துத் தள்ளினார்கள். இன்னொரு முறை ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்த கல், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் விழுந்தது.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. நமக்குக் கல்லடியோட போச்சு," என்று தட்டை மாற்றிக்கொண்டார். அம்மா அன்று முழுக்கத் தங்கையோடு பேசவில்லை.

ஒரு நிறுவனத்தைக் குற்றம் சொல்லி எழுதும் முன், அதை அவர்களிடமே சொல்லிப் பதில் கேட்பது சித்தியின் வழக்கம். "எதிராளியைப் பேச விடாம எழுதினா அது செய்தி இல்லடி, வசவு."

செல்போனில் பங்கு வாங்கி விற்கும் செயலி ஒன்றை ஒரு நிறுவனம் நடத்தியது. விலை சரியும்போது சாதாரண ஆட்களுக்கு விற்கும் பொத்தான் வேலை செய்யாது. அதற்குள் முதலாளிகள் தங்கள் பங்குகளை விற்றுவிடுவார்கள். உள்ளே வேலை பார்த்த ஒரு பொறியாளர் இதைச் சித்தியிடம் சொன்னார். வழக்கப்படி சித்தி நிறுவனத்துக்குப் போன் செய்து, "பொத்தான் தானா நிக்குதா, நிறுத்துற மாதிரி புரோகிராம் எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். தப்பு அங்கேதான் நடந்தது. அப்படி எழுதி வைத்திருப்பது ஒரு சின்னக் குழுவுக்கு மட்டுமே தெரியும். சொன்னது அந்தக் குழுவில் ஒருவர்தான் என்று நிறுவனத்துக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் மதியம் பத்திரிகை அலுவலகத்தின் பழைய லிஃப்டில் இரண்டு பேர் சித்தியோடு ஏறினார்கள்.

"அக்கா, சொன்னவன் பேரை மட்டும் சொல்லிட்டு சாப்பிடப் போங்க."

"பேரு கிடையாது. செய்தி நாளைக்குப் பேப்பர்ல வரும். வாங்கிப் படி."

"எந்தக் கையால எழுதுவீங்க?"

"கை இல்லன்னா வாயால சொல்லுவேன், எழுதிக்க ஆள் இருக்கு."

ஒருவன் அவர் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினான். திறந்து, மறுபடி சாத்தினான். விரல்கள் நொறுங்கின. கீழே விழுந்தவரின் வயிற்றில் மற்றவன் மிதித்தான். சித்தி அலறினார். பெயர் மட்டும் வரவில்லை. மயங்கியதும் விட்டுவிட்டுப் போனார்கள்.

போனவர்கள் நேரே அந்தக் குழுவில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நிறுவனத்தின் வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய், எல்லோரிடமும் ஒரே பொய்யைச் சொன்னார்கள்: "பத்திரிகைக்காரம்மா உன் பேரைச் சொல்லிடுச்சு." மற்றவர்கள் விழித்தார்கள். பொறியாளர் மட்டும், "சொல்லிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டார். இரும்புத் தடியால் அவர் தாடையை உடைத்தார்கள்.

இதையெல்லாம் அடித்தவர்களில் ஒருவனே பின்னால் நீதிமன்றத்தில் சொன்னான். அதற்குள் பொறியாளர் குடும்பத்தோடு ஊரை விட்டே போயிருந்தார். போகும்போது நண்பரிடம், "அந்தம்மா என்னை வித்துட்டாங்க," என்றாராம்.

செய்தி வந்தது, நிறுவனமும் மூடப்பட்டது. ஆனால் பொறியாளர் சொன்னதுதான் ஊரெல்லாம் பரவியது, நீதிமன்றத்தில் அவன் சொன்னது பரவவில்லை. அதன் பிறகு யாரும் சித்தியை நம்பி உள்விஷயம் சொல்வதில்லை. "நீங்க சொல்லலைன்னு எழுதுங்க சித்தி," என்றேன்.

"கேள்வியை அப்படிக் கேட்டது நான்தானே," என்று இடது கையால் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

அவர் எழுதமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். தாடையில் தழும்போடு, கணினி வேலை பார்க்கும் ஒருவர் உங்கள் ஊரில் இருக்கலாம். இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சித்தி அவர் பெயரைச் சொல்லவில்லை என்பது எப்படியாவது அவர் காதுக்குப் போகட்டும்.