ஃபெரி துறையில் காத்திருந்தவள்

தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் தனுஜா தாதி. காசநோய்க்காரர்கள் தினமும் அவள் கண்முன்னால் மாத்திரை விழுங்கிவிட்டுப் போக வேண்டும். வராதவர்களை அவள் லேசில் விடமாட்டாள். 'மிஸ்ஸியோடது உடும்புப்பிடி' என்று நோயாளிகளே சொல்வார்கள்.

தயாளன் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வெல்டிங் செய்பவன். ஒரு மாதம் ஒழுங்காக வந்தவன் திடீரென்று நின்றுவிட்டான். போன் அடித்தால் எடுக்கவில்லை. தனுஜா அவன் குடியிருந்த அடுக்குமாடிக்கே போனாள். இடுப்பில் குழந்தையோடு அவன் மனைவி லெட்சுமி கதவைத் திறந்தாள். பின்னாலேயே அவனும் வந்தான்.

"இருமல் நின்னுருச்சு மிஸ்ஸி. இன்னும் எதுக்கு மருந்து? கிளினிக் தொறந்து, மாத்திரை முழுங்கிட்டு ஃபெரி ஏறுனா தினம் லேட்டு லா. பாஸ் கத்துறாரு."

"இருமல்தான் தம்பி நின்னுருக்கு, கிருமி சாகல. பாதியில விட்டா அப்புறம் இந்த மருந்தே கேக்காது. கைப்பிள்ளைய வச்சிருக்கீங்க."

"மெதுவாப் பேசுங்க! பக்கத்து வீட்டுல கேக்கும்." கதவு சாத்தப்பட்டது.

படியிறங்கும்போது தனுஜாவுக்குக் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. நேரம்தான் இடிக்கிறது என்றால் நேரத்தை மாற்றினால் போயிற்று. கிளினிக் டாக்டர் இம்ரானிடம் போய், வேலைக்கு வருமுன் ஃபெரி துறையிலேயே மாத்திரை கொடுக்கிறேன் என்றாள்.

"அது உங்க வேலை நேரமில்லையே அக்கா?"

"அவன் வர்ற நேரம் அதுதான் டாக்டர்."

இம்ரான் சரியென்றார். ஆனால் முதலில் அவனை மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்றார்.

மறுநாள் விடிகாலையில் ஃபெரி ஏற நிற்கும் மோட்டார் சைக்கிள் வரிசை ஓரமாகத் தனுஜா நின்றாள். வெள்ளைச் சீருடை அவனைக் காட்டிக்கொடுக்கும் என்று சுடிதாரில் வந்திருந்தாள். தயாளன் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஃபெரிக்குள் போய்விட்டான். அடுத்த நாளும் அப்படியே. அவளும் விடாமல் வந்தாள். ஒருநாள் மழை கொட்டியது. குடைக்குள் பாதி நனைந்து நின்றவளைக் கண்டதும் வண்டியை ஓரங்கட்டினான்.

"ஏங்க்கா இப்படிப் பண்றீங்க?" என்று ஹெல்மெட்டைக் கழற்றினான். "டிபின்னு தெரிஞ்சா வேலை போயிரும்னு பயமா இருக்கு."

"என் வாயால யாருக்கும் தெரியாது. சாயங்காலம் டாக்டரைப் பாருங்க. நாளையிலேருந்து இங்கயே மாத்திரை. நீங்க லேட்டாப் போக வேணாம்."

அன்று மாலை அவன் கிளினிக்குக்கு வந்தான். மறுநாள் முதல் துறையில் மாத்திரை. அவள் கொண்டுவந்த போத்தல் தண்ணீரில் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் ஃபெரி ஏறுவான். யாரென்று கேட்டவர்களிடம் "எங்க அக்கா" என்றான். வயிற்றைப் புரட்டுகிறது என்று முரண்டு பிடித்த நாள்களில், ரொட்டியைத் தின்னவைத்து மாத்திரையைக் கொடுத்தாள். தீபாவளியன்று அவன் வீட்டுக்கே போனாள். லெட்சுமி முறுக்கை நீட்டியபோது, "முதல்ல மாத்திரை" என்றாள்.

மாதங்கள் ஓடின. சளியில் கிருமி இல்லை, எக்ஸ்ரேயும் தேறிவிட்டது என்று இம்ரான் சொன்னபோது தயாளன் அங்கேயே அழுதுவிட்டான். குழந்தைக்கும் ஒன்றுமில்லை.

கொஞ்ச நாள் கழித்து, பட்டறையில் வாரக்கணக்கில் இருமிக்கொண்டிருந்த ஒரு கூட்டாளியைத் தோளில் கைபோட்டுக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தான்.

"வரமாட்டேன்னான்க்கா. எனக்கும் இருந்துச்சுடான்னு சொல்லித்தான் இழுத்துட்டு வந்தேன்."


"உக்காருங்க தம்பி," என்று தனுஜா புதியவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நீங்க எத்தனை மணிக்கு ஃபெரி ஏறுவீங்க?"